மான்கொம்புத் துறவியின் எட்டுப் பற்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, ஏவல், சூனியம் எதிலும் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இப்போதும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கள்ளக்குறிச்சியில் பல் மருத்துவராக முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். ஆரம்பத்தில் எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பல் பூச்சி எடுக்கிறேன் என்று ஒரு ஆள் வருவான். காதில் ஏதோ வேர்ச்சாறு விட்டு, ஊதி, கன்னத்தைத் தடவி வெள்ளை வெள்ளையாகப் புழு உதிர்ப்பான், ஜனங்கள் அசந்து போய் நிற்பார்கள். ஒரு நாள் நானே வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்து, அவன் கையை மடக்கிப் பிடித்து, விரலிடுக்கில் இருந்த புழுவை எல்லோருக்கும் காட்டினேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் மணியைப் பார்த்திருப்பேன்.

என்னுடைய பைத்தியம் ஒன்றைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் புரியாது.

சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது பழைய சாமான் விற்கிற ஒரு பாய் கடையில், உடைந்த கடிகாரங்களுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு எலி கிடந்தது. மரத்தில் செதுக்கியது, கட்டைவிரல் அளவுதான். தன் வாலைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாங்கள் அப்போது மெழுகில் பல் செதுக்கிப் பழகிக்கொண்டிருந்த முதல் வருஷ மாணவர்கள். ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை ஒழுங்காகச் செதுக்க நான் ஒரு மாதம் தவித்திருந்தேன். அந்த எலியைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில், பின்னங்காலில் ஐந்து விரலும் நகத்தோடு இருந்தன. யாரும் பார்க்காத இடத்தில் எவனோ ஒருவன் எலிக்கு நகம் வைத்திருக்கிறான். அன்றைக்கு விழுந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை.

அது ஜப்பான் சாமான் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்து ஜப்பான்காரர் உடையில் பை கிடையாது. நம் ஆட்கள் வேட்டி இடுப்பில் சுருக்குப் பையைச் செருகிக்கொள்கிற மாதிரி, அவர்கள் இடுப்புத் துணிக்கு உள்ளே கயிறு விட்டுப் பையைத் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமல் இருக்க மேல் முனையில் ஒரு சின்ன உருவத்தைக் கோத்துக்கொள்வார்கள். அதற்கு நெட்சுகே என்று பெயர். பின்பக்கம் இரண்டு துளை இருக்கும், முடிச்சு உள்ளே போய் உட்கார ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதைத் தேடிப் போனவனுக்கு அப்படியே அவர்களுடைய வாள் சாமான்களிலும் ஆசை வந்துவிட்டது. கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில், விரல் வெட்டுப்படாமல் இருக்க ஒரு இரும்புத் தகடு போடுவார்கள். உள்ளங்கை அகலம்தான், அதற்குள் நாரையும் நாணலும் மழையும் வெட்டி வைத்திருப்பான். நான் சொல்லப்போகிற சமயத்தில் என்னிடம் பதினொரு நெட்சுகேவும் நாலு வாள் தகடும் இருந்தன. பாண்டிச்சேரி, சென்னை, ஒன்று உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டல்காரர் வீட்டு நவராத்திரி கொலுவிலிருந்து. போலியும் நிறைய வரும். ஊசியைக் காய்ச்சி அடியில் வைத்தால் பிளாஸ்டிக் வாசனை வந்துவிடும், அந்த வாசனை பல் செட் செய்கிற எனக்குத் தெரியாதா.

என் மனைவி மல்லிகா ஒரு தடவைதான் இதைப் பற்றிப் பேசினாள். ஊரில் எல்லோரும் பூமி வாங்குகிறார்கள், நீங்கள் எலி வாங்குகிறீர்கள் என்றாள். அவ்வளவுதான். ஆனால் கண்ணாடி அலமாரியை வாரத்துக்கு ஒரு முறை அவள்தான் துடைப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் எல்லாம் கிடையாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் முகாம் என்று நாங்கள் சில மருத்துவர்கள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை போனோம். ஐப்பசி மாதம். காலையிலிருந்து தூறல், ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. வரிசை மட்டும் குறையவே இல்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும், என் நாற்காலியில் வெள்ளையன் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயது, சாமையும் மரவள்ளியும் போடுகிற ஆள், பேச்சு கம்மி. இடது கீழ்க் கடைவாய் முழுக்கச் சொத்தை, கன்னம் வீங்கியிருந்தது. பத்து நாளாகத் தூக்கமில்லை என்று கையாலேயே காட்டினார்.

நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தேன்.

வேட்டி மடிப்புக்கு மேலே ஒரு சின்ன உருவம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கயிறு உள்ளே போய், கீழே வெற்றிலைப் பை தொங்கியது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த நெட்சுகே எல்லாம் டப்பாவில் கிடந்ததுதான், பஞ்சில் படுத்திருந்ததுதான். ஒருவர் அதை அது செய்யப்பட்ட வேலைக்கே, சொல்லிக்கொடுக்க யாருமில்லாமல், அச்சு அசலாக இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வீங்கின வாயோடு அவர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், அவருடைய அப்பா மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் பிடித்து சயாம் ரயில் பாதை போட அனுப்பிவிட்டான். போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். திரும்பும்போது இது கையில் இருந்திருக்கிறது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

மான்கொம்பில் செய்தது. போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு துறவி. நம் காஞ்சிபுரத்திலிருந்து கடல் தாண்டிப் போய்த் தியானம் பரப்பியவர் என்று சொல்வார்களே, அவரைத்தான் ஜப்பானில் இப்படிப் பல விதமாகச் செதுக்குவார்கள். ஒன்பது வருஷம் அசையாமல் தியானத்தில் இருந்துவிட்டு எழுந்தவர் கொட்டாவி விடுகிற கோலம். வாய் அகலத் திறந்திருக்க, கண் இடுங்கி, மூக்கின் மேல் சுருக்கம். இரண்டு தலைமுறை இடுப்பில் உரசி உரசித் தேன் நிறத்தில் மின்னியது.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இதைச் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர ரொம்ப நாள் யாரிடமும் சொன்னதில்லை.

பல் பிடுங்கும் முன் நான் எப்போதும் இரண்டு கேள்வி கேட்பேன். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்குமா. அன்றைக்குக் காலையிலிருந்து வந்த அத்தனை பேரிடமும் கேட்டிருந்தேன். வெள்ளையனிடம் கேட்கவில்லை. என் வாய் முழுக்க அந்தப் பொம்மையைப் பற்றிய கேள்விதான் இருந்தது. ஊசி போட்டேன், பல்லை எடுத்தேன், சுலபமாகத்தான் வந்தது, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன். கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது என்று நிறுத்திச் சொல்ல வேண்டியதை அவசரமாக முணுமுணுத்தேன். பிறகு, பஞ்சைக் கடித்துக்கொண்டு பேச முடியாமல் இருக்கிற மனிதரிடம், இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா, வேறு நல்ல பையாக வாங்கித் தருகிறேன் என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். வலியை எடுத்தவன் கேட்கிறான், என்ன செய்வார். தலையை ஆட்டினார். கயிற்றை அவிழ்த்து என் கையில் வைத்துவிட்டு, பையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் வீடு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் கீழே கிளினிக்கில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தச் சாமான் வந்தாலும் நோட்டில் நாலு பக்கமும் வரைந்து, அளவு குறித்து வைப்பது என் வழக்கம். லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வாயை வரைந்தேன். மேலே நாலு பல், கீழே நாலு பல். ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சின்னது. செதுக்கினவன் எண்ணிச் செதுக்கியிருக்கிறான், எட்டு. நானும் எண்ணி வரைந்து பக்கத்தில் எட்டு என்று எழுதினேன். மல்லிகா எட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் பேஷண்ட் மாதிரியே இருக்கிறார் என்று சிரித்தாள். எப்படி வந்தது என்று கேட்டாள். கொடுத்தார் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே போனாள். துறவியைப் புதுப் பஞ்சு ஒன்றில் வைத்து அலமாரியைப் பூட்டிவிட்டு, சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். கெட்ட கனவு, நாய் ஊளை, அதெல்லாம் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், பல் விளக்கிக்கொண்டே அலமாரியைத் திறந்தேன்.

துறவியின் வாய்க்கு நேர் கீழே பஞ்சில் ஒரு கறை இருந்தது. குண்டுமணி அளவு, பழுப்பும் சிவப்புமாக. மான்கொம்புக்கு அந்தக் காலத்தில் தேயிலைச் சாயம் ஏற்றுவார்கள், ஈரக் காற்றில் சாயம் கசிந்திருக்கும் என்று உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டேன், பாருங்கள். எடுத்துத் துடைத்தேன். லென்ஸை மாட்டினேன்.

கீழ் வரிசையில் மூன்று பல்தான் இருந்தது.

உடைந்திருந்தால் உடைந்தது என்று தெரியும். உடைந்த இடம் சொரசொரப்பாக, வெளிறிப்போய் இருக்கும், துண்டு பஞ்சில் கிடக்கும். ஒன்றும் கிடக்கவில்லை. பல் இருந்த இடம் வழவழப்பாக, லேசாகக் குழிந்து இருந்தது. இந்த மாதிரி இடத்தை நான் தினமும் பார்க்கிறேன். பல்லை எடுத்த ஈறு ஆறினால் இப்படித்தான் இருக்கும், ஆற மாதக்கணக்காகும். இடது கீழ், கடைசிப் பல். நேற்று மூன்று மணிக்கு நான் எடுத்த அதே மூலை.

மல்லிகாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவள் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு ஏழு என்றாள். நோட்டைக் காட்டினேன். "நேத்து நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க" என்றாள். நான் பல்லைத் தப்பாக எண்ணுவேனா என்று கேட்டேன். அவள் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, நேற்று உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டாள். நான் சொன்னேன். பஞ்சு, தலையாட்டியது, எல்லாம். சொல்லிக்கொண்டே வரும்போதுதான், நம்பினால் நம்புங்கள், அந்த இரண்டு கேள்வியும் எனக்கு ஞாபகம் வந்தது. கேட்கவே இல்லையே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அப்ப ஏன் இங்க நின்னுக்கினு இருக்கீங்க?" என்றாள் மல்லிகா. "பொம்மை இன்னா சொல்லுதோ எனக்குத் தெரியாது. நீங்க கேக்க வேண்டியதைக் கேக்கல. போய்ப் பாத்துட்டு வாங்க."

கார் ஸ்டாண்டுக்குப் போய்த் தெரிந்த டிரைவர் பாஷாவை எழுப்பி அழைத்துக்கொண்டு கிளம்பினேன். தையல் ஊசி, நூல், பஞ்சு, மருந்து எல்லாம் பையில். துறவி கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப் பையில். வடக்கனந்தல் தாண்டும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன், படித்தவன் செய்கிற காரியமா என்று. மலை ஏற ஆரம்பித்ததும் திட்டுவது நின்றுவிட்டது. பனி கண்ணாடியில் வந்து அப்பியது. பாஷா ஹாரன் அடித்துக்கொண்டே வளைவு வளைவாக ஏறினார். அவசரமா டாக்டர் என்று ஒரு தடவை கேட்டார். தெரியலை பாஷா என்றேன். அது உண்மைதானே.

வெள்ளிமலை டீக்கடையில் விசாரித்ததும் நேற்றுப் பல் பிடுங்கிய வெள்ளையனா என்று வழி சொன்னார்கள். கார் போகிற வரை போய், மீதி ஒரு கிலோமீட்டர் சேற்றில் நடந்தேன். கூரை வீடு. வாசலில் அவர் மகள் செல்வி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

வெள்ளையன் உள்ளே தூணில் சாய்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல். பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு. உள்ளே என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அது இரண்டாவது சொம்பு என்று செல்வி சொன்னாள்.

"நேத்து சாய்ந்தரத்திலேர்ந்து துப்பிக்கினே கீறாரு சார். பல்லு புடுங்கினா ரத்தம் வரத்தான் வரும்னு உட்டுட்டோம். வாய் கொப்பளிச்சா நின்னுடும்னு கொப்பளிச்சிக்கினே இருந்தாரு."

மாத்திரை ஏதாவது போட்டாரா என்று கேட்டேன். ஒரு நாள் தாமதமாக. அவள் கூரைச் செருகலிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். கடையில் சில்லறையாக விற்கிற வலி மாத்திரை, ஆஸ்பிரின் ஜாதி. ரத்தத்தை உறையவிடாது. பத்து நாளாகத் தினமும் மூன்று வேளை போட்டிருக்கிறார், நேற்று ராத்திரியும் வலிக்குமே என்று இரண்டு. நான் கேட்டிருந்தால் அன்றைக்கு அந்தப் பல்லைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஒரு வாரம் கழித்து வாங்க என்று அனுப்பியிருப்பேன்.

நாடி குருவி நெஞ்சு மாதிரி ஓடியது. தரையில் மண்டியிட்டு, செல்வி டார்ச் பிடிக்க, உறைந்தும் உறையாமலும் இருந்த கட்டியை எல்லாம் எடுத்து, மருந்து வைத்து, ஈறை இழுத்து நாலு தையல் போட்டேன். மேலே பஞ்சை வைத்து என் விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அரை மணிக்குக் குறையாது, விரல் மரத்துவிட்டது. அந்த அரை மணியும் அவர் மேல்நோக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பஞ்சை எடுத்தேன். வெள்ளையாக வந்தது. எங்கள் தொழிலில் வெள்ளைப் பஞ்சைப் பார்த்து அழுகிறவன் எவனும் கிடையாது. நான் அழுதேன்.

அப்போதுதான் செல்வி கேட்டாள். "நாங்க யாருகிட்டயும் சொல்லி அனுப்பல. பஸ்ஸும் இன்னும் வரல. ஒங்களுக்கு யாரு சார் சொன்னாங்க?"

சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. நல்லவேளை, மேலே கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆட்கள் கட்டிலோடு அவரைத் தூக்கிக் கார்வரை கொண்டுவந்தார்கள். பாஷா வண்டியைப் பூப்போல இறக்கினார். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏற்கெனவே ரத்தம் கம்மியான உடம்பாம், இன்னொரு சொம்பு நிறைந்திருந்தால் இறக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டியிருக்காது என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். வகை பார்த்ததில் என்னுடையது பொருந்தியது. கட்டிலில் படுத்துக் கையை நீட்டிக்கொண்டு, அந்தப் பாட்டில் நிறைய நிறைய எனக்கு உடம்பே லேசானது, ரத்தம் போனதால் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் போனபோது வெள்ளையன் எழுந்து உட்கார்ந்து, இட்லியைக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மல்லிகா கொடுத்தனுப்பிய இட்லி. மிளகாய் கொஞ்சம் தூக்கலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அத்தனை சந்தோஷம், இனிமேல் இந்த மனிதர் எதைக் குறை சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

கைக்குட்டையைப் பிரித்துத் துறவியை அவர் மடியில் வைத்தேன். "வாயில பஞ்சை வச்சிட்டு உங்ககிட்ட கேட்டேன். அது கேட்டதாவே ஆகாது. தப்பு என்னுதுதான்" என்றேன். மாத்திரையைப் பற்றிக் கேட்க மறந்ததையும் சொன்னேன். அவர் மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அதான் திரும்பி வந்துட்டீங்களே" என்றார். பிறகு பையை எடுத்து, பெரிய துளை வழியாகக் கயிற்றை விட்டுச் சின்னத் துளை வழியாக இழுத்து, முடிச்சை உள்ளே தள்ளி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதோடு முடிந்தது. அவர் நன்றாகத் தேறி மலைக்குப் போனார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார், பேரன் கல்யாணம்வரை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை கீழே இறங்கி வருவார், சாமை கொண்டுவருவார், மற்றப் பற்களைக் காட்டிவிட்டுப் போவார். சேகரிப்பை நான் விடவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் யாரிடம் எதை வாங்கினாலும் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்லுங்கள் என்பேன். பாதிப் பேர் மறுநாள் இல்லை என்பார்கள். பரவாயில்லை. அந்த இரண்டு கேள்வியை எழுதிச் சட்டம் போட்டு நாற்காலிக்கு எதிரே மாட்டினேன்.

பல் விஷயத்துக்கும் ஒரு மாதிரி சமாதானம் செய்துகொண்டேன். கேள்வி கேட்காதது மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால் காலையில் கண் இல்லாததைப் பார்த்தது என்று. மல்லிகாவும் ஏழு என்றாளே என்றால், அவள் சொன்ன மாதிரி முந்தின நாள் நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன். இப்படி. ஒரு ஆள் பிழைத்துவிட்டார், அதற்கு மேல் என்ன வேண்டும். ரொம்ப வருஷம் அந்த நிம்மதியிலேயே போய்விட்டது.

அப்புறம் ஒரு தடவை, அவர் வந்து கிளம்புகிற சமயம், சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அந்தச் சாமியாருக்குக் கீழே ஒரு பல் இல்லையே, அது உங்கள் அப்பா காலத்திலேயே இல்லையா என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லாக் கணக்கும் நேராகிவிடும்.

வெள்ளையன் இடுப்பிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பல்லை எல்லாம் அவர் எண்ணியதே இல்லையாம்.

"பல்லு தெரியல சார். ஆனா எங்கப்பா ஒன்னு சொல்லுவாரு. சயாம்ல அவரு கைக்கு வந்தப்ப, அது வாய மூடிக்கினு இருந்துச்சாம். கண்ண மூடி, வாய மூடிக்கினு, சும்மா குந்திக்கினு இருந்துச்சாம். எப்ப தொறந்துச்சுன்னு கேட்டா மட்டும் சொல்லவே மாட்டாரு. எழுந்து வெளிய பூடுவாரு."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் போய்விட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டேன். ஒரு பள்ளிக்கூட டீச்சர், நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தையைச் சொல்ல வந்தேன், வாயைத் திறங்க என்று. சொல்ல வரவில்லை. அன்றைக்கு என்று இல்லை, இன்றைக்கும் அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு நொடி நிற்கிறேன். சயாமில், அத்தனை பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், அதனிடம் வாயைத் திற என்று யார் சொல்லியிருப்பார்கள்.